ஆட்சி வேறு, அரசு வேறு!

ஆட்சி மாறுவது, அரசு மாறாது நிற்பது. தேர்தலிற் கிடைப்பது முன்னது. பின்னதோ, தேர்தலுக்கு அப்பால் அமர்ந்திருப்பது. இவ்வேறுபாட்டை உணராத இனம், வெற்றி முழக்கத்தின் நடுவிலேயே தோற்றுக்கொண்டிருக்கும். இவ்வுண்மையைத் தம் நாட்டையே களமாக வைத்து ஆங்கிலேயர் காட்டிய தொலைக்காட்சித் தொடர் ஒன்று உண்டு.

'எ வெரி பிரிட்டிசு கூ' என்பது அதன் பெயர். 'முழுக்கவும் பிரித்தானிய முறையிலான ஆட்சிக் கவிழ்ப்பு' என்பது பொருள். கிறிசு மல்லின் 1982-இல் வெளியிட்ட புதினத்தை ஆலன் பிளேட்டர் நாடகமாக்க, மிக் சாக்சன் இயக்கினார். நான்காம் அலைவரிசை 1988-இல் அதனை மூன்று பகுதிகளாக ஒளிபரப்பியது.

செப்பீல்டு நகரத்து எஃகுத் தொழிலாளியாயிருந்த ஆரி பெர்க்கின்சு, மக்களின் பெருவாக்கால் தலைமையமைச்சராகின்றார். அமெரிக்கப் படைத்தளங்களை அகற்றுவதும், அணுப் படைக்கலங்களைக் கைவிடுவதும், செய்தித்தாள் முதலாளிகளின் தனியாட்சியை உடைப்பதும் அவர் அளித்த உறுதிமொழிகள். அவற்றை அவர் மெய்யாகவே நிறைவேற்றத் தொடங்கியதுதான் குற்றமாயிற்று! உளவுத்துறையும் செய்தித்தாள் முதலாளிகளும் அமெரிக்காவும் ஒன்றுசேர்ந்தன. ஒரு துமுக்கியும் வெடிக்கவில்லை. பணநெருக்கடி, அவதூறு, பொய்ச்சான்று ஆகிய இவையே கருவிகள். உடல்நலக் குறைவு என்று சொல்லி விலகிவிடுமாறு அவருக்குக் கமுக்கமாக நெருக்கடி தரப்படுகின்றது.

புதினத்தில் பெர்க்கின்சு விலகிவிடுகின்றார். தொடரிலோ, மக்கள்முன் தோன்றி மிரட்டலை அம்பலப்படுத்தி, மீண்டும் தேர்தலை அறிவிக்கின்றார். அரசின் படைக்கலம் கமுக்கம்; அவர் படைக்கலம் வெளிப்படை. எனினும், இறுதியில் வானூர்திகளின் இரைச்சலே கேட்கின்றது. வென்றவர் யார் என்பது சொல்லப்படவில்லை.

இது வெறுங்கதை என்பாரும் உளர். உளவுத்துறையிற் பணியாற்றிய பீட்டர் ரைட்டு, தலைமையமைச்சர் ஆரல்டு வில்சனுக்கு எதிராகத் தம் துறையினரே சூழ்ச்சி செய்ததாக 1987-இல் நூலெழுதினார். அதில் ஈடுபட்டோர் எத்துணையர் என்பதில் அவரே பின்னர்ப் பின்வாங்கினார். ஆயினும், அந்நூலைத் தடுக்க இங்கிலாந்து அரசு ஆத்திரேலியா வரை சென்று வழக்காடித் தோற்றது உலகறிந்த செய்தி. மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவன் கடல்கடந்து கதவடைக்கச் செல்வானா?

தம் நாட்டில் மறைவாகச் செய்யவேண்டியதை ஆங்கிலேயர் இந்தியாவிற் சட்டமாகவே எழுதிவைத்தனர். 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 93-ஆம் பிரிவு, மாகாண ஆட்சியை ஆளுநரே கைக்கொள்ள வழிசெய்தது. அவர் போனபின்னும் அவ்வித்து அழியவில்லை. இந்திய அரசியல் சட்டத்தின் 356-ஆம் பிரிவாக முளைத்தது. தமிழ்நாட்டில் 1976, 1980, 1991 ஆகிய ஆண்டுகளில், கட்சி வேறுபாடின்றி, பெரும்பான்மை பெற்றிருந்த ஆட்சிகளே அதனால் வீழ்த்தப்பட்டன. 1991-இல் ஆளுநரின் அறிக்கைகூட வேண்டியிருக்கவில்லை. 1994-இல் பொம்மை வழக்கின் தீர்ப்பு அப்பிரிவுக்குக் கடிவாளமிட்டது. ஆனால் குதிரை இன்னும் கொட்டிலில்தான் நிற்கின்றது.

பெர்க்கின்சுக்காவது சூழ்ச்சி தேவைப்பட்டது. தமிழ்நாட்டு ஆட்சிகளுக்கு ஒரு கையெழுத்தே போதுமானதாயிருந்தது. நாற்காலி கிடைத்ததை இறைமை கிடைத்ததாக எண்ணிக் களிப்போர் இத்தொடரை ஒருமுறை காண்பாராக! கண்டபின், கோட்டையில் யார் அமர்வது என்ற வினாவோடு நில்லாமல், கோட்டையின் திறவுகோல் யாரிடம் உள்ளது என்ற வினாவையும் எழுப்புவாராக! முன்னதற்கு விடை ஐந்தாண்டுக்கொருமுறை கிடைத்துவிடும். பின்னதற்கு விடை காணும்வரை தமிழினத்திற்கு ஓய்வில்லை.