நனைந்த தானியமும் தரவரிசைப் பட்டியலும்

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு நிரலாக்கப் போட்டி நடத்துகிறது. 2025ஆம் ஆண்டுப் போட்டி முடிந்த பின், அதிகாரபூர்வ முடிவுகளை வெளியிடப்போவதில்லை என்று நடத்துநர்கள் அறிவித்தார்கள். தாங்களே எழுதாத நிரல்களைப் பல மாணவர்கள் சமர்ப்பித்திருந்தது தெளிவாகத் தெரிந்ததே காரணம். அந்நாட்டுக் கணினி ஒலிம்பியாடுக்குச் செல்லும் வழி இப்போட்டிதான். மாதக்கணக்கில் உழைத்து நேர்மையாக எழுதிய மாணவனுக்கும் அவ்வாண்டு முடிவு கிடைக்கவில்லை. பொய்யான பட்டியலை வெளியிடுவதைவிட இது மேல் என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அம்மாணவனின் பெற்றோரிடம் இதை நேரில் சொல்ல எனக்குத் துணிவு வராது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்வை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கேட்டிருப்பார்கள். தானியம் மழையில் நனைந்தது வியாபாரியின் குற்றமன்று. ஈரத்தைப் பிறர் காணும்படி மேலே வைக்காததே குற்றம். செயற்கை நுண்ணறிவும் இப்படித்தான். வீட்டில் பயிலும்போது அதனிடம் விளக்கம் கேட்பதில் தவறில்லை. கோட்ஃபோர்சஸ் தளம்கூட 2024இல் வகுத்த விதிகளில், வினாவை மொழிபெயர்க்க அதனைப் பயன்படுத்த அனுமதித்தது. விடையின் தர்க்கத்தை அதனிடம் பெறுவதையே தடுத்தது. அது எழுதியதைத் தன் பெயரில் சமர்ப்பிப்பதுதான் ஈரத்தை மறைப்பது.

கண்டுபிடித்துத் தண்டித்தால் போதாதா என்று கேட்கலாம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினால் இரு நிரல்களையும் ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். இயந்திரமோ கேட்கும்போதெல்லாம் வேறு வேறு விதமாக எழுதித் தருகிறது. வெறும் ஐயத்தின் பேரில் ஒரு பிள்ளையை மோசடிக்காரன் என்பது அதைவிடப் பெரிய அநீதி. இப்போது நன்றாக எழுதும் பிள்ளைதான் முதலில் சந்தேகிக்கப்படுகிறான்.

டிசம்பர்தோறும் புதிர்கள் வெளியிடும் அட்வென்ட் ஆஃப் கோட், பட்டியலில் இடம்பிடிக்க இக்கருவிகளைப் பயன்படுத்தாதீர்கள் என்று முன்பே வேண்டிக்கொண்டது. 2025இல் உலகத் தரவரிசைப் பட்டியலையே நீக்கிவிட்டது. பொழுதுபோக்குப் புதிர்களுக்கு அது பொருந்தும். மேற்படிப்புக்கும் வேலைக்கும் சான்றாக அமையும் போட்டிகளுக்குப் பொருந்தாது.

இதில் நம் குடும்பங்களுக்கென்று ஓர் இழப்பு உண்டு. வெளியூருக்குத் தனியே அனுப்பப்படாத பெண்பிள்ளைக்கு, வீட்டிலிருந்தே உலகத்தாரோடு போட்டியிடும் வாசலை இணையம் திறந்துவைத்தது. அவள் பெறும் மதிப்பெண்ணை இனி யாரும் நம்பமாட்டார்கள் என்றால், அந்த வாசல் இருந்தும் இல்லாததே. எஞ்சுவது நேரடி அரங்கு ஒன்றுதான். கல்லூரி மாணவர்களுக்கான ஐசிபிசி போட்டியில் மூவருக்கு ஒரே கணினி, இணையம் கிடையாது. அங்கே யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

அந்த அரங்கை அவளது ஊருக்கு அருகில் கொண்டுவர நம்மால் இயலும். திருச்சி ஜமால் முகமது கல்லூரி, சென்னை புதுக்கல்லூரி போன்ற நம் நிறுவனங்கள் மாதத்தில் ஒரு ஞாயிறன்று ஆய்வகத்தைத் திறந்து, இணையத்தைத் துண்டித்து, அக்கம்பக்கப் பள்ளிப் பிள்ளைகளை அமர்த்தலாம். ஐந்து வினாக்கள், மூன்று மணி நேரம், மேற்பார்வைக்கு இரண்டு ஆசிரியர்கள், துணைக்கு வரும் தாய்மார்கள் அமர ஓர் அறை. இதற்குப் பெரும் செலவில்லை. நிர்வாகக் குழுவில் இருப்போரைத் தெரிந்தவர்கள் வரும் ஜும்ஆவுக்குப் பிறகு அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.