தம் வீட்டுக் கழிப்பறையைத் தாமே மாற்றுதல்

வீட்டுக்கு வெள்ளையடிப்பதையும், மின்விசிறி மாட்டுவதையும், சொட்டும் குழாய்க்கு வாஷர் போடுவதையும் தாமே செய்து முடித்துவிட்டு, அதை நாலு பேரிடம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் குடும்பஸ்தர்கள் நம்மிடையே ஏராளமாக இருக்கிறார்கள். ஆனால் இருபது முப்பது ஆண்டுகள் உழைத்து, மெருகு தேய்ந்து, அடிப்பாகத்தில் கசியத் தொடங்கிவிட்ட மலக்கோப்பையைக் கழற்றிப் புதியதொன்றைப் பொருத்தும் வேலை என்று வந்தால், அவர்களே 'அதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்கள்' என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார்கள். மின்விசிறி மாட்டுவதில் உள்ள அபாயம்கூட இதில் இல்லை. அதைத் தொட்டால் தம் கௌரவத்துக்கு ஏதோ பங்கம் வந்துவிடும் என்று, வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் உள்ளூர நம்புவதே இதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம். ஆகவேதான், தேகபலம் உள்ள ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த வேலையைத் தம் கையாலேயே செய்ய வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

எல்லாக் கோப்பைகளையும் எல்லோரும் மாற்றிவிடலாம் என்பதில்லை. தரைக்குள் பதித்த இந்தியன் பேசினை எடுப்பதென்றால் தரையை உடைத்து, அடியிலுள்ள 'டிராப்' என்ற வளைகுழாயை மாற்றி, நீர் இறங்காதபடி மறுபடியும் பூசியாக வேண்டும். அது கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் உரிய வேலை. தரைமேல் நிற்கும் பழைய வெஸ்டர்ன் கோப்பையை எடுத்துவிட்டு அதே ஸ்தானத்தில் இன்னொன்றை வைப்பது, சிரத்தையுள்ள எவருக்கும் கைகூடும். கடைக்குப் போகுமுன் கழிவுக்குழாய் தரைக்குள் இறங்குகிறதா, சுவருக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும்; முன்னதற்கு 'எஸ்' டிராப், பின்னதற்கு 'பி' டிராப். 'எஸ்' டிராப்பானால், டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து குழாய் வாயின் மையம் வரை உள்ள தூரத்தை அளந்துகொள்ள வேண்டும். 4, 9, 12 அங்குலம் என்ற கணக்குகளில்தான் கோப்பைகள் பெரும்பாலும் விற்கின்றன. இந்த ஓர் அளவு பிசகினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பீங்கானும் அந்த இடத்தில் உட்காராது.

பழையதைக் கழற்ற, தொட்டிக்கு நீர் விடும் ஆங்கிள் காக்கை மூடி, தொட்டியைக் காலி செய்து, கோப்பையில் தேங்கிய நீரைக் குவளையால் மொண்டும் பழந்துணியால் ஒற்றியும் எடுத்துவிட்டு, கையுறையோடு உட்கார்ந்து, அடிவிளிம்பைச் சுற்றிலும் இறுகிக் கிடக்கும் வெள்ளைச் சிமெண்டை உளியால் மெல்ல மெல்லத் தட்டி விலக்க வேண்டும். பலமாக ஓங்கினால் பக்கத்து டைல்ஸ் பிளந்துவிடும். திருகாணிகளைக் கழற்றி, கோப்பையை இருபுறமும் சற்றே அசைத்துத் தூக்கியவுடன், நாலு அங்குலக் குழாயின் வாய் கண்ணெதிரே திறந்து தெரிகிறது. அப்போது எழும் வாடை, அத்தனை காலமும் அதைத் தடுத்து நிறுத்தியது எது என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டிவிடுகிறது. டிராப்பின் வளைவில் ஏறக்குறைய இரண்டு அங்குல உயரத்துக்குத் தேங்கி நிற்கும் சாதாரணத் தண்ணீர்தான் சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தாழ்ப்பாளாக இருந்து வந்திருக்கிறது! 1775ஆம் ஆண்டில் லண்டனில் கடிகாரம் செய்து ஜீவனம் நடத்திய அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் பெற்ற காப்புரிமையில் இடம்பெற்ற இந்த வளைவு, மனித ஆரோக்கியத்துக்குச் செய்திருக்கும் உபகாரத்தை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

திறந்த குழாய்க்குள் சிமெண்டுத் துண்டுகள் விழாமலும் வாயு மேலே வராமலும் இருக்க, கிழிந்த சாக்கைப் பந்தாகச் சுருட்டி அடைத்துவிட்டுத் தரையைச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு புதிய கோப்பையை வெறுமனே வைத்துப் பார்த்து, துளைக்கு அடையாளமிட்டு, சாக்கை மறவாமல் எடுத்துவிட்டு, ரப்பர் வளையத்தோடு பொருத்தி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துத் திருகாணியை முடுக்கினால் வேலையின் பெரும்பகுதி முடிந்தது. விளிம்பைப் பூசி ஒரு நாள் முழுவதும் காயவிட வேண்டும். பின்பு சுற்றிலும் காய்ந்த காகிதத்தைப் பரப்பித் தண்ணீரை இழுத்துவிட்டால், ஒரு சொட்டுக் கசிவு இருந்தாலும் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தக் குழாயின் வாயை ஒருமுறை கிட்டத்தில் கண்டவர், அதன் மறுமுனை எங்கே போகிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. நாப்கினையும் பழந்துணியையும் பிளாஸ்டிக் உறையையும் அதற்குள் போட்டு நீரை இழுத்துவிடவும் அவருக்கு மனம் வராது. தெருச் சாக்கடையில் அவை அடைத்துக்கொண்டால், ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு தேங்கிய குழிக்குள் இறங்குமாறு இன்னொரு மனிதனைத்தான் நம் சமூகம் ஏவி வந்திருக்கிறது. மனிதக் கழிவை மனிதனே அள்ளுவதைத் தடை செய்து 1993ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. அப்படி இறங்கி இறந்தோரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்குமாறு 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததேயன்றி மரணம் நிற்கவில்லை. சாதியின் பெயரால் ஒரு சாராரின் தலையில் இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமத்திவிட்டு, அதை நினைப்பதையே அசுத்தமென்று கருதும் மனோபாவம் நம் வீட்டுக்குள் இருக்கும்வரை, சட்டம் தெருவில் தனியாகத்தான் நிற்கும்.

1901ஆம் ஆண்டு கல்கத்தாவில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, கழிப்பறைகள் கிடந்த அலங்கோலத்தைக் கண்ட காந்தியடிகள் தொண்டர்களிடம் எடுத்துச் சொல்ல, அது தங்கள் வேலையல்ல என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். அவர் துடைப்பம் ஒன்றைத் தேடி வாங்கித் தாமே சுத்தம் செய்தார். ஆயினும் தம்முடைய உபயோகத்துக்கு வேண்டிய அளவுக்கே அன்று தம்மால் செய்ய முடிந்தது என்பதையும் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தம் உபயோகத்துக்கு உரியதைத் தாம் செய்துகொள்வது என்ற அந்த அளவைத்தான் நானும் இங்கே கேட்கிறேன்.

இப்படி எல்லோரும் கிளம்பிவிட்டால் பிளம்பர்களின் பிழைப்பு என்னாகும் என்று கேட்கலாம். சுவருக்குள் ஓடும் குழாயின் கசிவும், மாடிவரை ஏறும் காற்றுக்குழாயின் கோளாறும் அவர்களுடைய வித்தைக்காக எப்போதும் காத்திருக்கும். தாமே ஒருமுறை முதுகு வலிக்கக் குனிந்து இதைச் செய்து பார்த்தவர், அவர்கள் கேட்கும் கூலிக்குப் பேரம் பேசமாட்டார்.

தண்ணீர் விஷயமும் உண்டு. பழைய தொட்டி ஒருமுறைக்குப் பத்து லிட்டருக்கு மேலேயே கொட்டும். இரண்டு பொத்தான் உள்ள புதிய தொட்டிகள் தேவைக்கேற்ப 3 அல்லது 6 லிட்டரோடு நிறுத்திக்கொள்கின்றன. 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்த சென்னைக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

கழற்றிய பழைய கோப்பையை இரவோடிரவாகத் தெருமுனைக் குப்பைத்தொட்டியின் அருகே வைத்துவிட்டு வரும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உடைந்த பீங்கானின் விளிம்பு கத்தியைப் போல் அறுக்கும். காலையில் அதை அள்ளுபவரின் கையில் உறை இருக்குமென்ற நிச்சயம் இல்லை. கிருமிநாசினி ஊற்றிக் கழுவி, தடித்த சாக்கில் போட்டுக் கட்டி, கட்டட இடிபாடுகளுக்கென்று உள்ளாட்சி நிர்வாகம் ஒதுக்கியிருக்கும் இடத்துக்கு, பளு அதிகமானால் வீட்டில் இன்னொருவரையும் கைகொடுக்கச் சொல்லி, அதையும் நாமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.