போதை மீட்புச் சிகிச்சை: உள்ளூரிலா, வெளிநாட்டிலா? வலியசாலைக் குடும்பங்கள் முன்னுள்ள கேள்வி

திருவனந்தபுரம்: வீட்டில் ஒருவர் மதுவுக்கோ போதைப் பொருளுக்கோ அடிமையாகிவிட்டார் என்று தெரிந்ததும், சிகிச்சையை உள்ளூரில் தொடங்குவதா, வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்புவதா என்ற கேள்வி எழுகிறது. இதற்குப் பல குடும்பங்கள் கூறும் விடை மருத்துவக் காரணங்களைச் சார்ந்ததாக இருப்பதில்லை. ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சமே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

திருவனந்தபுரத்தின் வலியசாலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டிய அக்கிரகாரத் தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வசித்து வருகின்றன. ஒரு வீட்டுச் சுவரை மறுவீடு பகிர்ந்துகொள்ளும் இத்தெருக்களில் எதையும் நெடுநாள் மறைத்து வைக்க இயலாது. எனவே சென்னை, பெங்களூரு, வளைகுடா நாடுகள் என்று தொலைவில் இருக்கும் இடங்களையே மனம் நாடுகிறது. இந்தத் தேடலில் கழியும் வாரங்கள் நோயாளிக்கு ஆபத்தாகவும் முடியலாம்.

சிகிச்சை பெறுவோர் மிகச் சிலர்

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வின் முடிவுகள் 2019-இல் வெளியாயின. நாட்டில் 10 முதல் 75 வயதுக்கு உட்பட்டோரில் 14.6 சதவீதத்தினர், அதாவது சுமார் 16 கோடி பேர், மது அருந்துகின்றனர் என்று அது கூறியது. இவர்களில் ஏறத்தாழ 5.7 கோடி பேருக்கு மதுவால் ஏற்பட்ட சிக்கல்களுக்கு உதவி தேவைப்படுகிறது. ஆனால் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றுள்ளார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர் மட்டுமே.

கேரளத்தில் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2024-இல் பதிவான வழக்குகள் மட்டும் 27 ஆயிரத்தைத் தாண்டின. காவல்துறையும் கலால் துறையும் முனைப்பாகச் செயல்பட்டதும் இந்த எண்ணிக்கைக்கு ஒரு காரணம். வழக்குகள் பெருகும் அளவுக்குச் சிகிச்சை பெறுவோரும் பெருகுகின்றனரா என்பதே அடுத்து எழும் கேள்வி.

2020 கற்பித்த பாடம்

குடியைத் திடீரென நிறுத்தினால் என்ன நேரும் என்பதைக் கேரளம் 2020-இல் கண்டது. கொரோனா ஊரடங்கால் மார்ச் இறுதியில் மதுக்கடைகள் மூடப்பட்டதைத் தொடர்ந்து, மாநிலத்தில் தற்கொலைகள் நிகழ்ந்தன. மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு உள்ளவர்களுக்கு மது வழங்கலாம் என மார்ச் 30-ஆம் தேதி மாநில அரசு உத்தரவிட்டது. மருத்துவர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. மது விலகல் பாதிப்புக்கு அறிவியல் சார்ந்த சிகிச்சை இருக்கும்போது மதுவையே மருந்தாகப் பரிந்துரைக்க முடியாது என்பது அவர்களது நிலைப்பாடு. ஏப்ரல் 2-ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது.

நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் குடியை நிறுத்திய சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, பதற்றம் ஆகியவை தொடங்கலாம். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். 2, 3 நாட்களில் மனக்குழப்பமும் இல்லாதவற்றைக் காணும் நிலையும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். டயசெபாம், லோராசெபாம் போன்ற மருந்துகளும் தயாமின் என்னும் வைட்டமின் பி1-உம் மருத்துவக் கண்காணிப்பில் தரப்பட்டால், பெரும்பாலானோர் இக்கட்டத்தைப் பாதுகாப்பாகக் கடந்துவிடுவர். வீட்டில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்த முயல்வதும், வெளிநாட்டு மையத்தில் இடம் கிடைக்கும் வரை காத்திருப்பதும் ஆபத்தானவை என்பதற்கு இதுவே காரணம். முதல் சில நாட்களுக்குத் தேவைப்படுவது அருகிலுள்ள மருத்துவமனைதான்.

அருகில் இருப்பவை

வலியசாலையிலிருந்து திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையும், 1870-இல் தொடங்கப்பட்ட ஊளம்பாறை மனநல மையமும் எளிதில் செல்லக்கூடிய தொலைவில் உள்ளன. கேரள கலால் துறையின் 'விமுக்தி' இயக்கம் 2016-இல் தொடங்கப்பட்டது. இதன்கீழ் மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்கள் அமைக்கப்பட்டன. திருவனந்தபுரம் மாவட்டத்துக்கான மையம் நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையில் உள்ளது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இங்கே மொழி ஒரு தனிச் சிக்கல். நகரத் தமிழர் பலருக்கு மலையாளம் சரளமாக வரும். எனினும் அவமானத்தையும் பழைய காயங்களையும் மனம் திறந்து பேசுவதற்குத் தாய்மொழியே துணை நிற்கும். ஆலோசனைச் சிகிச்சை முழுக்க முழுக்கப் பேச்சை நம்பியது. நோயாளி தமக்குரிய தகவல்களைப் புரியும் மொழியில் பெறும் உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வழங்குகிறது. தமிழில் பேசும் ஆலோசகர் இருக்கிறாரா என்று சேர்க்கும்போதே கேட்பதில் தவறில்லை. அத்தகையவர் இல்லையெனில், சுமார் 70 கி.மீ. தொலைவில் நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒரு மாற்று வழி.

சென்னையும் பெங்களூரும்

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் நிறுவிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை, மதுப் பழக்கத்தை ஒழுக்கக் கேடாக அன்றி நோயாகக் கருதும் பார்வையைத் தமிழகத்தில் பரப்பிய முன்னோடி. நோயாளியுடன் அவரது குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்குவது அதன் சிறப்பு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் போதை மருத்துவத்துக்கெனத் தனி மையம் இயங்குகிறது. உடல் உபாதைகளோ வேறு மனநோயோ சேர்ந்திருக்கும் சிக்கலான நோயாளிகளுக்கு இத்தகைய இடங்கள் உதவும்.

வெளியூர் மையங்கள் அனைத்தும் இத்தரத்தில் இருப்பதில்லை. 2022-இல் சென்னை இராயப்பேட்டையில் தனியார் மறுவாழ்வு மையம் ஒன்றில் சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்டிருந்தவர் அடித்துக் கொல்லப்பட்டதாக வழக்குப் பதிவானது. 2023-இல் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமமின்றி இயங்கிய ஆசிரமம் ஒன்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். மதுவுக்கு அடிமையானோரும் அங்குச் சேர்க்கப்பட்டு வந்தனர்.

மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்புகளும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. மனநலச் சிகிச்சை நிலையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். எவரையும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது. தாமாக வந்து சேர்ந்தவர் வெளியேற விரும்பினால், மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் வரை மட்டுமே நிறுத்தி வைக்க இயலும். சுயமாக முடிவெடுக்க இயலாத நிலையில் உள்ளவரை, நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரிலும் இருவரின் தனித்தனி மருத்துவப் பரிசோதனைக்குப் பின்னரும் 30 நாட்கள் வரை சேர்க்கலாம். வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிச் செல்வதாக உறுதியளிக்கும் மையங்களிடம் எச்சரிக்கை தேவை.

வெளிநாடு: சட்டமும் செலவும்

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டு போதைப் பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தாமாக முன்வந்து சிகிச்சை பெறுவோருக்குப் பாதுகாப்பு தருகிறது. போதைப் பொருளை உட்கொண்ட குற்றத்துக்கும் சிறிய அளவு தொடர்பான குற்றத்துக்கும் அவர்கள் மீது வழக்குத் தொடர முடியாது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் இப்பாதுகாப்பை இழக்க நேரிடும். சிகிச்சை நாடினால் சிறை வரும் என்ற அச்சம் பலரைத் தடுப்பதால், இந்தப் பிரிவு பரவலாக அறியப்பட வேண்டும்.

பிற நாடுகளில் நிலைமை வேறு. சிங்கப்பூரில் ஒருவர் போதைப் பொருளுக்கு அடிமையானவர் என்று கருதும் மருத்துவர் அதனை அரசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஐக்கிய அரபு அமீரகத்தில் தாமாகச் சிகிச்சை நாடுவோருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அபுதாபியில் தேசிய மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. இருப்பினும் கைதான பின் சிகிச்சை கேட்பவருக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. ஓபியம் வகைப் போதைக்குத் தரப்படும் பியூப்ரனார்ஃபின் போன்ற மாத்திரைகள் பல நாடுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. முன் அனுமதியின்றி எடுத்துச் செல்வோர் விமான நிலையத்திலேயே சிக்கலுக்கு ஆளாகலாம்.

செலவும் சிறிதல்ல. மனநோய்க்கும் உடல்நோய்க்கும் இணையான காப்பீடு தேவை என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆயினும் மது, போதைப் பழக்கச் சிகிச்சையை விலக்கிவைக்கக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் நிறுவனங்களை அனுமதித்தன. சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடையிலான இந்த இடைவெளியின் சுமை குடும்பங்கள் மீதே விழுகிறது.

திரும்பி வந்த பிறகு

தொலைதூரச் சிகிச்சையின் பெரிய குறை, அது முடிந்த பிறகே தெரியவரும். பழக்கம் வேரூன்றிய அதே தெருவுக்கும் அதே நண்பர்களிடமும்தான் நோயாளி திரும்புகிறார். மீண்டும் பழக்கத்துக்கு வழுக்கும் ஆபத்து முதல் மாதங்களில் மிக அதிகம். ஓபியம் வகைப் போதையை நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்காது என்பதால், ஒருமுறை வழுக்குவதும் உயிரைப் பறிக்கலாம். எம்டிஎம்ஏ போன்ற பொருள்களின் பழக்கத்தை மாற்ற அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. அதில் ஆலோசனையும் தொடர் கவனிப்புமே சிகிச்சை. மாதந்தோறும் சந்திக்கக்கூடிய மருத்துவரும், வாரந்தோறும் செல்லக்கூடிய ஆதரவுக் குழுவும் அருகில் இல்லையெனில், பெரும் செலவில் பெற்ற பயன் நிலைப்பது கடினம்.

ஆகவே தொலைவிலுள்ள மையத்தைத் தேர்ந்தெடுப்பவர்களும் சிகிச்சையை உள்ளூர் மருத்துவமனையில் தொடங்கி, உள்ளூர் மருத்துவரின் தொடர் கவனிப்பில் முடிக்க வேண்டியிருக்கிறது. ஊருக்குத் தெரியாமல் அனுப்பி வைக்கப்படுபவர், ஊரின் துணையின்றியே திரும்பி வந்து வாழவும் நேர்கிறது. மறைப்பதற்குக் குடும்பம் தரும் விலை இதுவே.

உதவிக்கு: கேரளத்தின் விமுக்தி எண் 14405, தேசிய போதை மீட்பு உதவி எண் 14446. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மனநல ஆலோசனை வழங்கும் டெலி-மானஸ் எண் 14416.