குடியா? மனநோயா? இரண்டும்தான்!

சனிக்கிழமை இரவு. திருப்பூருக்குத் தெற்கே, தாராபுரம் சாலையில் உள்ள அவிநாசிபாளையம். பனியன் கம்பெனி வேன் வந்து நிற்கிறது. வாரச் சம்பளத்துடன் தொழிலாளர்கள் இறங்குகிறார்கள். பலர் மளிகைக் கடைக்குப் போகிறார்கள். சிலர் மதுக்கடைக்குப் போகிறார்கள்.

அந்தச் சிலரில் ஒரு டெய்லரை எண்ணிப் பாருங்கள். பெயர் வேண்டாம். இவரைப் போன்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இவருடைய காதில் யாரோ பேசுகிறார்கள். பக்கத்து மெஷின்காரர் தம்மைக் கொல்லச் சதி செய்வதாகச் சொல்கிறார். ஒன்றரை ஷிப்டு தைத்துவிட்டு வந்து படுத்தாலும் தூக்கம் இல்லை. குடித்தால் அந்தக் குரல் கொஞ்சம் அடங்குகிறது. ஆகவே குடிக்கிறார். காலையில் குரல் முன்னைவிட உரக்கக் கேட்கிறது. மறுபடியும் குடிக்கிறார்!

வீட்டில் ஓயாத வழக்கு.

"எம் பையன் குடிகாரன் இல்லை, அம்மிணி. காத்துக் கருப்பு அடிச்சிருக்குது. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போலாம்" என்கிறார் தாய்.

"காத்தும் இல்லீங்க, கருப்பும் இல்லீங்க அத்தை. பாட்டிலை விட்டாச் சரியாப் போயிரும்" என்கிறார் மனைவி.

யார் சொல்வது சரி? காத்துக் கருப்பைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், இருவர் சொல்வதும் பாதி சரி. மகனுக்கு மனநோய் இருக்கிறது. குடிநோயும் இருக்கிறது. எது முதலில் வந்தது என்று மாமியாரும் மருமகளும் வாதாடிக் கொண்டிருப்பதால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை.

வீட்டார்தான் இப்படி என்றால், வைத்தியம் செய்யும் இடங்களிலும் சில சமயம் இதே கதை. "முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்பார்கள் ஓர் இடத்தில். "புத்தி சரியில்லாதவரை இங்கே சேர்க்க முடியாது" என்பார்கள் இன்னோர் இடத்தில். கால் முறிந்தவரிடம், "நடந்து வா, கட்டுப் போடுகிறேன்" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டு நோய்க்கும் ஒரே நேரத்தில், கூடுமானால் ஒரே டாக்டர் குழுவிடம், வைத்தியம் நடக்க வேண்டும். இன்றைய மருத்துவம் சொல்வதும் இதுவே.

குடியும் நோய்தான் என்பதைத் தமிழ்நாட்டுக்குக் காட்டியவர்களில் ஒருவர் சாந்தி ரங்கநாதன். குடிநோய்க்குக் கணவரை 1979-ல் பறிகொடுத்தவர் இவர். அழுதுகொண்டு வீட்டில் இருந்துவிடவில்லை. 1980-ல் சென்னையில் குடிநோயாளிகளுக்காகவே ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். 1992-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

சட்டமும் இதை ஒப்புக்கொண்டுவிட்டது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனக்கோளாறுகளும் மனநோய் என்றே சொல்லப்பட்டிருக்கின்றன. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஏர்வாடியை மறக்க முடியுமா? 2001 ஆகஸ்டு 6-ந் தேதி அங்கே ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்!

சோற்றில் கலக்காதீர்கள்!

மனைவிமார்கள் சிலர், பக்கத்து வீட்டார் பேச்சைக் கேட்டு, குடியை நிறுத்தும் மருந்தைக் கணவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்துவிடுகிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் ஆபத்து! 'டைசல்பிராம்' என்ற மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், மூச்சு முட்டும், ரத்த அழுத்தம் இறங்கும். உயிரே போய்விடலாம். மனநோய் உள்ளவருக்கு அந்த மருந்தே நோயைக் கிளப்பிவிடுவதும் உண்டு. நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதித்து, டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது.

அறைக்குள் பூட்டி வைத்து ஒரே நாளில் குடியை நிறுத்துவதும் கூடாது. பல ஆண்டுகள் அதிகமாகக் குடித்தவருக்குத் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும். வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவம் கண்ணில் தெரியலாம். "பைத்தியம் முற்றிவிட்டது" என்று வீட்டார் நினைத்துக் கொள்வார்கள். உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நேரம் அதுதான்.

டாக்டரிடம் போகும்போது எதையும் மறைக்க வேண்டாம். குடிப்பதை மட்டும் சொல்லிவிட்டுக் குரல் கேட்பதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பெண் கொடுக்க மாட்டார்களே என்ற பயம்!

"செத்துப் போகிறேன்" என்று அவர் சொன்னால், போதையில் உளறுவதாக ஒதுக்கக் கூடாது. இரண்டு நோயும் சேர்ந்தவருக்குத் தற்கொலை ஆபத்து அதிகம். 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் போன் செய்யலாம். காசு இல்லை. தமிழிலேயே பேசலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் இது.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடுமே?

ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் மனச்சிதைவு போன்ற நீண்ட நோய்களுக்கு, விதிகளுக்கு உட்பட்டு, 2 ஆண்டு வரை கூலியில் 80 சதவீதம் கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால், சந்தா கட்டியவருக்குத்தானே கிடைக்கும்? காண்டிராக்டரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற டெய்லரின் பெயர் பல இடங்களில் கம்பெனிப் பதிவேட்டிலேயே ஏறுவதில்லை. கோடிக்கணக்கில் பனியன் ஏற்றுமதி செய்கிற ஊரில் அந்தப் பெயரை எழுதிக்கொள்ள முதலாளிகளுக்கு என்ன தடை?