பேட்ஜைப் பார்க்காதீங்க, பேப்பரைக் கேளுங்க!

1908-ல் இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களின் மாணவர் படைகளை ஒரே குடையின் கீழ் கொண்டு வந்தார்கள். குடைதான் ஒன்று. தொப்பியில் குத்துகிற பேட்ஜ் பள்ளிக்குப் பள்ளி வேறு. பையன் எந்த ஸ்கூல், அப்பாவுக்கு எவ்வளவு வசதி என்பதைப் பித்தளையே சொல்லிவிடும்.

1948-ல் நம்மிடம் என்.சி.சி. வந்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பல்கலைக்கழகப் படைகளின் வாரிசுதான். ஆனால், ஒரு நல்ல காரியம் செய்தார்கள். டேராடூன் சீமான் வீட்டுப் பிள்ளைக்கும் திருத்தங்கல் பட்டாசுத் தொழிலாளி மகனுக்கும் ஒரே சின்னம். தாமரை வளையத்துக்குள் மூன்று எழுத்து. விருதுநகர்க்காரரான காமராஜர் பள்ளிகளில் சீருடை கொண்டு வந்ததும் இதே நியாயத்துக்குத்தான்.

இப்போது அந்த நியாயம் தலைகீழாகிறது. இடம் கிடைக்காமல் காத்திருக்கும் பள்ளிகளுக்கு 'முழு சுயநிதித் திட்டம்' என்றொரு வழி. செலவு பள்ளியுடையது. கடைசியில் அது யார் தலையில் விழும் என்று உங்களுக்குத் தெரியாதா?

அதைவிட மோசம், போலி. 2024 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில், என்.சி.சி. முகாம் என்று சொல்லி மாணவிகளைத் தங்க வைத்தார்கள். ஒரு சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளானாள். முகாமுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்றது என்.சி.சி. தரப்பு. மூன்று எழுத்தைச் சொன்னதுமே கேள்வி கேட்க வேண்டிய வாய்கள் எல்லாம் அடைத்துப்போயின.

அதுக்காக என்.சி.சி.யே வேண்டாம் என்று கிளம்பிவிடாதீர்கள். பட்டப்படிப்போடு 'சி' சான்றிதழும் உரிய மதிப்பெண்ணும் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரி வேலைக்கு விண்ணப்பிக்கலாம். தீப்பெட்டி ஒட்டியவரின் பேத்திக்கு இது சின்ன விஷயமா? சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை அரசுப் பள்ளிகளுக்குத்தான் இது முதலில் வர வேண்டும். அதுவும் அரசுச் செலவில்.

பெற்றோரும் வாயைத் திறக்க வேண்டும். எந்த பட்டாலியன்? பொறுப்பு ஆசிரியர் யார்? முகாமுக்கு பட்டாலியன் கொடுத்த உத்தரவு எங்கே? மகளை அனுப்பும் முன் மூன்றையும் கேளுங்கள். ஹெச்.எம். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

2012 செப்டம்பரில் முதலிப்பட்டி ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகுதான் லைசென்ஸ், விதிமீறல் எல்லாம் பேசினோம். பளபளக்கும் லேபிளுக்குள்ளே மருந்து இருக்கும் என்பதைக் கந்தக பூமிக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பேட்ஜும் ஒரு லேபிள்தான்.