பறந்தவை ரைட் சகோதரர்கள், எழுதினவர் ஒரு லோயர்

விமானத்தைக் கண்டுபிடிச்சது ஆரெண்டு கேட்டால் சின்னப்பிள்ளையும் சொல்லும். ஹாரி டூல்மினை மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. அவர் ஒரு நட்டைக்கூட முறுக்கினவரில்லை. ஒஹையோவில காப்புரிமை லோயராக இருந்தவர்.

1903 மார்ச்சில் ரைட் சகோதரர்கள் தாங்களே எழுதிக் காப்புரிமைக்கு விண்ணப்பிச்சினம். நிராகரிச்சுப் போட்டாங்கள். அந்த டிசம்பரில பறந்து காட்டின பிறகு, 1904 தொடக்கத்தில் டூல்மினிட்டப் போச்சினம். அவர் மெஷினுக்கு உரிமை கேக்காமல், பறக்கேக்க அது சரியாமல் சமநிலையில வைச்சிருக்கிற முறைக்கு உரிமை கேட்டார். இறக்கையை முறுக்கினாலென்ன, வேற வழியில அதின்ர கோணத்தை மாத்தினாலென்ன, எல்லாம் உள்ளுக்க வாற மாதிரி எழுதினார். 1906 மே 22 இல் காப்புரிமை கிடைச்சது. இலக்கம் 821,393.

அந்த அகலமே பிறகு வில்லங்கமாகவும் போச்சு. இறக்கையை முறுக்காமல் தனித் தட்டு வைச்சுப் பறந்த கேர்டிஸ் மேல 1909 இல் வழக்குப் போட்டினம். 1914 இல் மேல்முறையீட்டிலும் வெண்டினம். ஆனால் அதைப் பாக்க வில்பர் உயிரோட இல்லை, 1912 இலேயே காலமாகிட்டார். கடைசியில 1917 இல், போருக்கு விமானம் தேவைப்பட்ட நேரம், அரசாங்கம் தலையிட்டுத்தான் எல்லாற்ற காப்புரிமையும் ஒரு பொதுக் கூட்டுக்குள்ள வந்தது. ஜேர்மனியிலயோ, விசயம் முன்னமே வெளியில பேசப்பட்டிட்டுது எண்டு சொல்லியே அவையின்ர உரிமையை மறுத்தாங்கள்.

சரி, சுன்னாகத்தில இருக்கிற எங்களுக்கு இதால என்ன?

பொருளாதாரத் தடைக் காலத்தில எங்கட ஆக்கள் ரெண்டு சொட்டுப் பெற்றோலில ஸ்ராட் எடுத்து, மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓட்டினவை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டவை. ஜாம் போத்தலில விளக்கெரிச்சுப் படிச்சவை. அதுக்கெல்லாம் காப்புரிமை கிடைச்சிருக்குமோ எண்டது வேற கதை. எப்பிடிச் செய்தது எண்டு எழுதி வைச்சது எத்தினை பேர்? செய்த கைகள் போக, செய்முறையும் சேர்ந்து போகுது.

காப்புரிமை எண்டால் பூட்டி வைக்கிறது எண்டுதான் கனபேர் நினைக்கினம். பாதிதான் உண்மை. அடுத்தவன் வாசிச்சுச் செய்யக்கூடியதாய் விளக்கமாக எழுதினால்தான் உரிமை. எங்கட நாட்டில 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி 20 வருசம், பிறகு அது எல்லாருக்கும் சொந்தம். ஆனால் இப்ப எங்கட பெடியள் ஒண்டைச் செய்தவுடன முதல் வேலை வீடியோ போடுறது. ஜேர்மனியில ரைட் சகோதரர்களுக்கு நடந்ததை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில சட்டம் படிக்கிறவை திருநெல்வேலியில, பொறியியல் படிக்கிறவை கிளிநொச்சியில. ரெண்டு பக்கமும் கெட்டிக்காரர் இருக்கினம். ஒருத்தர் செய்ததை மற்றவர் விளங்கி எழுதுறதுக்குத்தான் ஆளில்லை. சட்டம் படிக்கிற நீங்கள் எல்லாரும் கோட்டில நிண்டு வாதாடத்தான் வேணுமெண்டில்லை. பக்கத்து வெல்டிங் கடைக்குப் போய், அண்ணை இது எப்பிடி வேலை செய்யுது எண்டு கேட்டு எழுதத் தொடங்குங்கோ. டூல்மின் செய்ததைச் செய்யுங்கோ. ஆனால் ஊரையே வளைச்சு வேலி போடுற அளவுக்கு அகலமாய் வேண்டாம்.