‘எங்களுக்குப் பழக்கம்’: பஞ்சகாலச் சமையலும் இன்றைய அடுப்பும்

கைபேசியைத் திறந்தால் ஒடியல் கூழ் கொதிக்கிறது. அடுத்த காணொளியில் குரக்கன் பிட்டு நீத்துப்பெட்டியில் அவிகிறது. ‘அம்மம்மாவின் கைப்பக்குவம்’, ‘அந்தக் காலத்துச் சாப்பாடு’, ‘குறைந்த செலவில் ஒரு கிழமைச் சமையல்’ என்று தலைப்புகள். புலம்பெயர்ந்தவர்கள் இவற்றை ஏக்கத்தோடு பார்க்கிறார்கள். ஊரில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் தேவையோடு பார்க்கிறார்கள். நாளைக்கு என்ன சமைப்பது, இருக்கிற காசில் எதை வாங்குவது என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

பழைய சிக்கனச் சமையல் மறுபடியும் பேசப்படுவது நல்லதுதான். ஆனால் அதோடு சேர்ந்து ஒரு வசனமும் திரும்பத் திரும்ப வருகிறது. ‘எங்களுக்கு இது பழக்கம்.’ 2022 இல் கொழும்பில் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நீண்ட வரிசைகள் நின்றபோது தமிழ்ப் பகுதிகளில் பலர் இதைச் சொன்னார்கள். அந்த வசனத்தில் பெருமை உண்டு. கொஞ்சம் கசப்பும் உண்டு. நாங்கள் இல்லாமையை முன்னரே பார்த்தவர்கள், எங்களுடைய தாய்மார் அதில் தேர்ந்தவர்கள் என்பது அதன் பொருள்.

பெருமைக்குக் காரணம் இருக்கிறது. 1990 ஜூனில் யுத்தம் மறுபடியும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள், பற்றரி, சவர்க்காரம், உரம், சீமெந்து என்று பல பொருட்கள் தடுக்கப்பட்டன அல்லது மட்டுப்படுத்தப்பட்டன. சனங்கள் ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரியைக் கட்டித் துளி மண்ணெண்ணெயில் விளக்கெரித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தார்கள். சீனி இல்லாதபோது பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது இதே வித்தைகள் மறுபடியும் எடுக்கப்பட்டன.

இதெல்லாம் உண்மை. ஆனால் அன்றைய இல்லாமையும் இன்றைய இல்லாமையும் ஒன்றா?

தொண்ணூறுகளில் பொருள் இல்லை. காசு வைத்திருந்தவரும் ஒரு கட்டிச் சவர்க்காரத்துக்கு அலைந்தார். தட்டுப்பாடு ஓரளவுக்கு எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருந்தது. அதனால் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசலாம். அயல் வீட்டில் ஒரு பேணி அரிசி கேட்கலாம். இன்று கடை நிறையப் பொருள் உண்டு. குளிரூட்டிய சுப்பர் மார்க்கெற்றுகள் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் உண்டு. வாங்கக் காசுதான் இல்லை. வெளிநாட்டுக் காசு வரும் வீட்டுக்கும் நாட்கூலியில் நிற்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு வேலி மட்டுமே இருக்கிறது. எல்லாருக்கும் இல்லாதபோது இல்லாமை ஒரு ஊரின் கதை. ஒரு வீட்டுக்கு மட்டும் இல்லாதபோது அது வெட்கம். வெட்கம் வந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டுதான் கஞ்சி காய்ச்சுவார்கள்.

விலைகளைப் பார்ப்போம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. அதற்கு முந்திய மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் சிறு படகுகளுக்கும் அதில் சமைத்த வீடுகளுக்கும் அது ஒரே நாளில் விழுந்த அடி. பின்னர் பணவீக்கம் இறங்கியது. ஆனால் விலை ஏறும் வேகம் குறைவதும் விலை பழைய இடத்துக்குத் திரும்புவதும் ஒன்றல்ல. கூலியோ அந்த அளவுக்கு ஏறவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. 2025 இன் தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டது. சொதியும் சம்பலும் பிட்டும் இல்லாமல் ஒரு நாளைக் கழிக்கத் தெரியாத ஒரு சமையலுக்கு, தேங்காயின் விலையே வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்.

இங்குதான் பழைய சமையலை மறுபடியும் பார்க்க வேண்டும். எங்களுடைய பஞ்சகாலச் சாப்பாடுகள் எதில் நின்றன?

ஒடியல் கூழை எடுத்துக்கொள்ளுங்கள். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை வடிக்க வேண்டும். ஒரு பிடி அரிசி, பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை, மீன்தலை, அன்று கரைவலையில் கிடைத்த சிறு நண்டு. செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்துப் போட்டு, புளி கரைத்து, கடைசியில் மாக்கரைசலை விட்டுக் கொதிக்க வைத்தால் ஒரு பானை. பத்துப் பேர் பிளாவில் குடிக்கலாம். இதில் காசு கொடுத்து வாங்கியது எது? அன்று மிளகாயும் புளியும் உப்பும் மட்டும்தான். மற்றதெல்லாம் வளவிலிருந்தும் பனங்கூடலிலிருந்தும் கடலிலிருந்தும் வந்தன. இன்று அதே கூழுக்கு ஒடியல் மாவைப் பக்கற்றில் வாங்க வேண்டும். நண்டும் இறாலும் ஏற்றுமதிக்குப் போகின்றன. கூழ் உல்லாசப் பயணிகளின் உணவாகிவிட்டது. ஏழையின் பானை உணவகத்தின் விசேட உணவுப் பட்டியலுக்குள் போய்விட்டது.

ஆகவே அந்தச் சமையல் அம்மம்மாவின் கெட்டித்தனத்தில் மட்டும் நிற்கவில்லை. காணியில் நின்றது. பனையில் நின்றது. கடலில் நின்றது. சங்கக்கடையிலும் அயலிலும் நின்றது.

இதை எழுபதுகளும் சொல்கின்றன. 1970 தொடக்கம் 1977 வரையான சிறிமாவோ ஆட்சியில் இறக்குமதி இறுக்கப்பட்டது. பாணுக்கு வரிசை. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு. சோற்றின் இடத்தை மரவள்ளி பிடித்தது. ஆனால் யாழ்ப்பாணத்து, வன்னி விவசாயிக்கு அதுவே மிளகாயும் வெங்காயமும் காசாகிய காலம். கல்வீடுகள் எழுந்த காலம். அதே ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. ஒரே நாடு, ஒரே தட்டுப்பாடு. ஒருவரிடம் தோட்டக்காணி இருந்தது. மற்றவரிடம் லயத்துக்கு வெளியே ஒரு பாத்தி நிலமும் சொந்தமில்லை. மலையகத் தாய்க்குச் சிக்கனம் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா?

இந்தப் பாடத்தை யுத்தத்துக்குப் பின்னரான வடக்கு கிழக்குக்குப் பொருத்திப் பார்க்கலாம். வலிகாமம் வடக்கில் 1990 இல் இடம்பெயர்ந்தவர்களில் ஒரு பகுதியினரின் காணிகள் இன்னமும் முழுமையாகத் திரும்பவில்லை. மீனுக்குப் பேர்போன மயிலிட்டித் துறைமுகம் 2017 இல்தான் விடுவிக்கப்பட்டது. கேப்பாப்பிலவு மக்கள் அதே ஆண்டில் தங்கள் காணிக்காகத் தெருவில் குந்தியிருந்தார்கள். திரும்பி வந்த காணிகளிலும் பழைய மரங்கள் நிற்கவில்லை. பனைகள் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் போய்விட்டன. ஒரு தென்னை காய்க்க ஆண்டுகள் வேண்டும். பனைக்கு அதைவிடக் கூட. கடலில் இந்திய இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன. வளவும் மரமும் கடலும் சேதப்பட்டிருக்கும் ஒரு சமூகத்துக்குச் ‘சிக்கனமாகச் சமையுங்கள்’ என்று மட்டும் சொல்வது பாதி உபதேசம்.

அடுத்தது, சிக்கனத்தின் செலவை யார் கொடுக்கிறார் என்ற கேள்வி. ஒடியல் ஊறப்போடவும், குரக்கனைக் கிளைந்து கல் நீக்கி அரைக்கவும், முருங்கையிலை உருவவும், விறகு பொறுக்கவும் நேரம் வேண்டும். அந்த நேரம் பெண்ணுடையது. ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸை விடியற்புறம் பிடிக்க வேண்டிய ஒரு பெண்ணுக்கு, குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் ஒருவருக்கு, இந்த நேரம் எங்கிருந்து வரும்? எல்லாரும் சாப்பிட்டபின் சட்டியை வழித்துச் சாப்பிடும் தாயைப் பற்றி நாங்கள் உருகிப் பேசுகிறோம். அவர் இரத்தச்சோகையோடு வாழ்ந்ததைப் பேசுவதில்லை. நுண்கடன் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்கும் கிழமையில் முதலில் வெட்டப்படுவது மீனும் முட்டையும்தான். அதிலும் முதலில் வெட்டப்படுவது தாயின் பங்கு.

அப்படியென்றால் பழைய குறிப்புகளால் பயனில்லையா? உண்டு. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தேங்காயை எடுத்தால், உடைத்ததும் கண்ணுள்ள பாதியை முதலில் பாவியுங்கள். அதுதான் முதலில் பழுதாகும். கறியைக் கப்பிப்பாலில் வேகவைத்து, முதற்பாலை இறக்கும்போது மட்டும் விட்டால் பாதித் தேங்காயில் இரண்டு கறி முடியும். பருப்பை நன்றாக மசித்தால் பால் குறையவும் போதும். வறைக்கு எல்லா நாளும் தேங்காய்ப்பூ தேவையில்லை. முருங்கையிலையும் முசுட்டையும் வெங்காயம், செத்தல் மிளகாயோடு தாளித்தாலே இறங்கும்.

காலைப் பாணுக்குப் பதிலாகப் பழஞ்சோறு. இரவுச் சோற்றில் தண்ணீர் விட்டு மூடி, காலையில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் உப்பும், இருந்தால் கொஞ்சம் தயிரும் சேர்த்துக் குழைத்தால் வயிறு மதியம்வரை தாங்கும். கோதுமை மாப் பிட்டில் மூன்றிலொரு பங்கு குரக்கன் மா கலந்து, முருங்கையிலையும் போட்டால் பிள்ளைக்குச் சத்து. மீனில் சூடையும் கீரியும் நெத்தலியும் பெரிய மீனுக்குக் குறைந்தவை அல்ல. முள்ளோடு சாப்பிடக்கூடிய நெத்தலி சுண்ணாம்புச் சத்தையும் தரும்.

வாங்கும் விதத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. காசு குறைந்தவர்தான் சின்னப் பக்கற் வாங்குகிறார். கிராம் கணக்கில் பார்த்தால் அவர்தான் கூடிய விலை கொடுக்கிறார். கடன் கொப்பியில் வாங்குபவரால் கடையை மாற்றவும் முடியாது. இதை ஒரு வீடு தனியாக உடைக்க முடியாது. ஐந்து வீடு சேர்ந்தால் உடைக்கலாம். காலபோக அறுவடை முடியும் மாசி, பங்குனியில் நெல்லாக வாங்கி, அவித்து, குற்றிப் பகிர்ந்துகொண்டால் குறுணல் கஞ்சிக்கும் தவிடு கோழிக்கும் மிஞ்சும். மிளகாய்த்தூளை ஒன்றாக வறுத்து இடிப்பிக்கலாம். எங்கள் ஊர்களுக்குச் சீட்டும் பிடியரிசியும் புதிதல்ல. தொண்ணூறுகளில் நிவாரணத்தைப் பங்கிட்ட பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கட்டடங்கள் இன்னமும் நிற்கின்றன. அவற்றை மொத்தக் கொள்வனவுக்கு மறுபடியும் இயங்கவைப்பது எந்தக் காணொளியையும்விடப் பெரிய சேமிப்பு.

சேமிக்கக் கூடாத இடமும் உண்டு. வளரும் பிள்ளையின் முட்டை, கர்ப்பிணித் தாயின் மீன், பருப்பு, கீரை. இவற்றில் மிச்சம் பிடிப்பது வருங்காலத்திலிருந்து கடன் வாங்குவது. அதற்குமேல் ஒரு குடும்பத்தால் இயலாவிட்டால் அது அந்தக் குடும்பத்தின் தோல்வி அல்ல. அஸ்வெசும பட்டியலில் பெயர் விடுபட்டால் மேன்முறையீடு செய்ய உரிமை உண்டு. கஞ்சியோடு சமாளிப்போம் என்று ஒதுங்குவதால் அரசாங்கத்துக்குத்தான் செலவு மிச்சம். ‘எங்களுக்குப் பழக்கம்’ என்ற வசனத்தின் ஆபத்தும் இதுதான். எங்களைப் பற்றி நாங்கள் பெருமையாகச் சொல்வது, எங்களுக்கு எதுவும் தேவையில்லை என்று மற்றவர்கள் சொல்ல வசதியாகிவிடக் கூடாது.

கஞ்சிக்கு இன்னொரு பொருளும் உண்டு. 2009 இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்புமாக வாங்கிக் குடித்த கஞ்சி, இன்று மே மாதத்தில் சந்திகளில் காய்ச்சிக் கொடுக்கப்படுகிறது. 2024 மே மாதத்தில் சம்பூர் பொலிஸ் பிரிவில் அதைக் கொடுத்தமைக்காகப் பெண்கள் உட்படச் சிலர் கைதுசெய்யப்பட்டார்கள். ஒரு பானைக் கஞ்சிக்கு அரசாங்கம் பயப்படுகிறது. ஏனென்றால் அதைக் காய்ச்சுபவர்கள் அது ஏன் கஞ்சியாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். உணவு ஏன் வரவில்லை, யார் தடுத்தார்கள், யார் இறந்தார்கள் என்று அந்தப் பானையைச் சுற்றிப் பேச்சு எழுகிறது.

எங்கள் மற்றச் சாப்பாடுகளுக்கும் அப்படி ஒரு சொல்லும் முறை வேண்டும். வீட்டில் அம்மம்மாமார் இருக்கும்போதே அவர்களுடைய சமையலை எழுதிவையுங்கள். பேரப்பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுங்கள். அளவையும் பக்குவத்தையும் மட்டும் எழுதாமல், ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். எந்தக் காணியின் முருங்கை, எந்தத் துறையின் மீன், எந்தக் கூடலின் பனை, எந்தச் சங்கக்கடையின் அரிசி. அவற்றில் இன்று எது எங்களிடம் இருக்கிறது, எது இல்லை என்று பக்கத்தில் ஒரு கோடு போட்டுக் குறிக்கட்டும். அந்தப் பட்டியல் சமையலுக்கும் உதவும். பிரதேச செயலகத்துக்கும் காணிக் கூட்டத்துக்கும் கொண்டுபோகவும் உதவும்.